கடலுக்கடியில் சிக்னல் கிடைக்குமா?

விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில், அலை எட்டாத மணல்மேட்டில், 91 மீட்டர் நீளத்துக்கு ஒரு நீர்மூழ்கிக் கப்பல் நிற்கிறது. பெயர் ஐ.என்.எஸ். குர்சுரா. சோவியத் ஒன்றியத்தின் ரீகா நகரில் 1969 டிசம்பர் 18 அன்று நம் கடற்படையில் சேர்ந்தது. 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டிலிருந்து அது அருங்காட்சியகம். இதே வகையைச் சேர்ந்த வாக்லி என்ற கப்பலை மாமல்லபுரத்தில் கரையேற்றி வைக்கும் திட்டம் நம் மாநிலத்திலும் பேசப்பட்டது. அது கைகூடவில்லை. ஆகவே திருநெல்வேலிக்காரர்கள் நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் நுழைந்து பார்க்க வேண்டுமானால் வைசாக் வரை ரயிலேற வேண்டியிருக்கிறது.

உள்ளே முன்பக்க டார்பிடோ அறையிலிருந்து பின்பக்க டார்பிடோ அறை வரை ஒற்றை நடைவழிதான். இடையிடையே வட்ட வாசல்கள். ஒரு காலை முதலில் விட்டு, தலையைக் குனிந்து, பிறகு மற்றக் காலை எடுத்து வைக்க வேண்டும். கொஞ்சம் தொந்தி உள்ளவர்கள் மூச்சை இழுத்துக்கொள்கிறார்கள். கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள்தான் வழிகாட்டிகள். 75 பேர் இதற்குள் வாழ்ந்தார்கள் என்று அவர்கள் சொல்லும்போது யாரும் சட்டென்று நம்புவதில்லை. எங்கே தூங்கினார்கள், எங்கே குளித்தார்கள், சமையல் எப்படி என்று கேள்விகள் வரும். ரேடியோ அறையை மட்டும் கூட்டம் ஒரு பார்வையோடு கடந்து போய்விடும்.

இந்தக் கூட்டத்தில் எப்படியும் ஒரு பிள்ளை அம்மாவின் கைபேசியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இங்க சிக்னலே இல்லம்மா, இவங்க எப்படிப் பேசுவாங்க?” என்று கேட்கும். பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்வார்கள். அந்தக் கப்பலில் கேட்கத் தகுந்த கேள்விகளில் தலையாயது அதுதான் என்பேன். அதற்கான விடை வைசாக்கில் இல்லை. நம்ம ஊர்ப் பக்கம், நாங்குநேரி வட்டாரத்தில், விஜயநாராயணத்தில் நிற்கிறது.

கைபேசியில் கம்பிக்கோடுகள் மறைந்ததற்குக் காரணம் கப்பலின் எஃகு உடல். அது எளிய சிக்கல். ஆன்டெனாவை உடலுக்கு வெளியே வைத்துவிட்டால் தீர்ந்துபோகும். தீராத சிக்கல் வெளியே இருக்கிற கடல். இன்னும் சரியாகச் சொன்னால், கடலில் கரைந்திருக்கிற உப்பு.

தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்தவர்களுக்குக் கடல்நீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று சொல்லித் தர வேண்டியதில்லை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம். தண்ணீரில் கரைந்ததும் உப்பு, நேர்மின் ஏற்றமுள்ள சோடியம், எதிர்மின் ஏற்றமுள்ள குளோரைடு என்று பிரிந்துவிடும். இவற்றுக்கு அயனிகள் என்று பெயர். ரேடியோ அலை என்பது இடத்துக்கு இடம் மாறி மாறி அசைகிற மின்புலமும் காந்தப்புலமும்தான். அது கடல்நீருக்குள் நுழைந்தவுடன் அயனிகளைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுகிறது. மின்னேற்றம் உள்ள துகள் நகர்ந்தால் அது மின்னோட்டம். அந்த மின்னோட்டம் தண்ணீரைத் துளித்துளியாகச் சூடாக்கி அலையின் ஆற்றலைத் தின்கிறது. வந்த அலையை எதிர்க்கும் இன்னொரு அலையையும் அதுவே கிளப்புகிறது. இரண்டு பக்கத்திலும் அடி வாங்கிய அலை, உள்ளே போகப் போகத் தேய்ந்து இல்லாமல் போகிறது.

ஆற்றுநீர் இப்படிச் செய்யாது. பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணித் தண்ணீரையும், அதே ஆறு புன்னைக்காயலில் சேர்கிற மன்னார் வளைகுடாவின் தண்ணீரையும் மின்கடத்துதிறன் அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தால் நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கும். ரேடியோ அலைக்கு முன்னது ஓரளவு திறந்த வழி, பின்னது ஏறத்தாழ உலோகத் தகடு.

நீர்மூழ்கிக்காரருக்கு உப்போடு வேறு கணக்கும் உண்டு. மூழ்கிய நிலையில் குர்சுராவின் எடை 2,475 டன். அதே எடைக்குக் கடல்நீரை அது விலக்கினால்தான் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் நிற்கும். ஆற்று வெள்ளம் கலந்து நீரின் அடர்த்தி 1.025இலிருந்து 1.020 ஆகக் குறைந்தால், கப்பலைத் தாங்கும் விசையில் சுமார் 12 டன் காணாமல் போய்விடும். உடனே தொட்டியிலிருந்து அவ்வளவு நீரை வெளியே தள்ள வேண்டும். வங்கக் கடலில் மழைக்காலம் முடிந்து பெரிய ஆறுகள் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும் மாதங்களில் இது ஏட்டுக் கணக்கல்ல, அன்றாட வேலை. உப்பு தாங்குகிறது, உப்பே செய்தியை மறைக்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீர்மூழ்கிக்கு மரியாதையே அது ஒளிந்திருப்பதால்தான் வந்தது. விமானத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ ரேடார் போட்டுக் கடலுக்குள் தேட முடியாது. ரேடாரும் ரேடியோ அலைதானே, அதையும் இதே உப்பு இதே விதத்தில் விழுங்கிவிடுகிறது. எதிரியின் கண்ணிலிருந்து கப்பலைக் காப்பாற்றுகிற குணமும், சொந்தத் தலைமையகத்தின் சொல் அதன் காதில் விழாமல் தடுக்கிற குணமும் ஒன்றே. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்க இயற்கை இடம் தரவில்லை. பொறியாளர்கள் செய்தது, அந்த உப்புத் திரை எங்கே மெலிகிறது என்று தேடியதுதான்.

அது மெலிவது அலைவெண் குறையும்போது. ஒரு நொடிக்கு அலை எத்தனை தடவை ஆடுகிறது என்பதே அலைவெண். ஊரில் அம்மன் கோயில் கொடை நடக்கும்போது, வயலைத் தாண்டி வெகுதூரத்தில் நிற்பவருக்கு நாதஸ்வரத்தின் நெளிவு சுளிவுகள் கேட்காது. தவிலின் ‘தும் தும்’ மட்டும் வந்து சேரும். ஒலி தேய்கிற காரணம் வேறு, ரேடியோ அலை தேய்கிற காரணம் வேறு என்றாலும் இரண்டுக்கும் பொதுவான நடத்தை இது. மெதுவாக ஆடுகிற அலை, ஒவ்வொரு மீட்டருக்கும் குறைவாகவே இழக்கிறது.

எவ்வளவு குறைவு? அலையின் வலிமை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடுகிற ஆழத்தை ஊடுருவல் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்து வீடுகளில் ஒலித்த நிலையங்களையே எடுத்துக்கொள்ளலாம். கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 10 கோடியே 5 லட்சம் ஆட்டம். கடல்நீரில் அதன் ஊடுருவல் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர்தான். திருநெல்வேலி வானொலியின் மத்திய அலை 1197 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 12 லட்சத்துக்குச் சற்றுக் குறைவான ஆட்டம். அதன் ஊடுருவல் ஆழம் 23 சென்டிமீட்டர். அலைவெண்ணை ஏறத்தாழ நூறில் ஒரு பங்காக இறக்கினால் ஆழம் பத்து மடங்கு கூடுகிறது என்பது இதில் தெரியும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பண்பலை, மத்திய அலை இரண்டும் எடுக்கிற சின்ன டிரான்சிஸ்டரைத் தண்ணீர் புகாத பாலிதீன் பையில் கட்டி, பிளாஸ்டிக் வாளியில் கிணற்றுநீருக்குள் அமுக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது, அதுவே அலையை மறித்துவிடும். அப்புறம் அதே வாளியில் பத்து லிட்டருக்கு 350 கிராம் கல்லுப்பைக் கரைத்து மறுபடி அமுக்க வேண்டும். உப்புநீரில் பண்பலை சட்டென்று மங்கும். மத்திய அலை நிலையம் எதுவும் கிடைக்கிற இடமாக இருந்தால் அது பேசிக்கொண்டே இருக்கும். வாளி அதன் ஊடுருவல் ஆழத்தைவிடச் சிறியது என்பதுதான் காரணம்.

கடலுக்கு 23 சென்டிமீட்டர் போதாது. இன்னும் கீழே இறங்க வேண்டும். விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் அந்த வேலையைச் செய்கிறது. 1990 அக்டோபர் 20 அன்று பணியில் அமர்ந்தது. உலகெங்கும் இந்தத் துறையில் ஈடுபாடு உள்ளவர்கள் அதை 18.2 கிலோஹெர்ட்ஸில் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். நொடிக்கு வெறும் 18,200 ஆட்டம். மீத்தாழ் அலைவெண் என்று இந்த வரம்பைச் சொல்லலாம், கடற்படையில் வி.எல்.எஃப். என்பார்கள். இதன் ஊடுருவல் ஆழம் கிட்டத்தட்ட 1.9 மீட்டர்.

இதுவும் சிறிதாகத் தோன்றும். பத்து மீட்டர் ஆழத்தில் அலையின் வலிமை மேற்பரப்பில் இருந்ததில் இருநூறில் ஒரு பங்கு. இருபது மீட்டரில் நாற்பத்தையாயிரத்தில் ஒன்று. நாற்பது மீட்டரில் எந்தக் கருவியும் பிரித்தறிய முடியாத அளவு. ஆனால் கடலின் மேற்பரப்பில் இடி மின்னலால் எழுகிற ரேடியோ இரைச்சலும் இதே அலைவெண்களில்தான் அதிகம். அதுவும் இதே கணக்கில் தண்ணீருக்குள் தேய்கிறது. செய்தியோடு இரைச்சலும் சேர்ந்து மங்குவதால் இரண்டுக்குமான விகிதம் கெடுவதில்லை. நல்ல ஏற்பி ஒன்று, பத்து இருபது மீட்டருக்குள் அதைப் பிடித்துவிடும். கப்பல் அதைவிட ஆழத்தில் இருந்தால், நீளமான மிதக்கும் கம்பியைப் பின்னால் அவிழ்த்து விட்டு மேற்பரப்பை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். குர்சுரா வகைக் கப்பல் 280 மீட்டர் வரை இறங்கக்கூடியது. அதன் காது எட்டுவதோ தன் உடல் நீளத்தில் நாலில் ஒரு பங்கு ஆழம்கூட இல்லை.

தாழ்ந்த அலைவெண்ணில் பேசுவதென்றால் அதற்கு விலை உண்டு. 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 16.5 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து நாங்குநேரிக்குப் போகிற சாலையில் இரண்டு அலைகூட முழுதாக அடங்காது. அலையைச் செம்மையாக வீச ஆன்டெனா அதில் நாலில் ஒரு பங்கு உயரமாவது இருக்க வேண்டும். நாலு கிலோமீட்டர் உயரக் கம்பத்தை யார் நடுவது? ஆகவே முடிந்தவரை உயர்த்தி, மீதியைப் பரப்பில் ஈடுகட்டுகிறார்கள். 2014 ஜூலை 31 அன்று திறக்கப்பட்ட புதிய அமைப்பில் நடுக்கம்பங்களின் உயரம் 471 மீட்டர். பாரிஸின் ஈஃபில் கோபுரத்துக்கு 330தான். நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து சுற்றிலும் நிற்கிற கம்பங்களுக்குக் கம்பி வலை விரித்து, அந்த வலையை மேல்தட்டாகவும் தரையில் புதைத்த உலோகக் கம்பிகளைக் கீழ்த்தட்டாகவும் வைத்து, நடுவிலுள்ள வெளி முழுவதையும் மின்னால் ஊசலாட வைக்கிறார்கள். அப்படியும் கொடுக்கிற மின்சாரத்தில் ஒரு பகுதி வீணாகத்தான் போகும். இரவில் அந்தப் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்கள் காற்றாலைகளுக்கு மேலே செவ்விளக்குகளைப் பார்த்துவிட்டு டி.வி. டவர் என்று நினைத்துக்கொள்வதுண்டு. 

ஏன் இந்த இடம் என்று கேட்டால், வரைபடத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மேற்கே அரபிக் கடல், கிழக்கே வங்கக் கடல், தெற்கே பெருங்கடல். மூன்றுக்கும் பொதுவான முனையில், மழை குறைந்த, மட்டமான நிலம்.

இந்த யோசனை நம்முடையது அல்ல, பழையது. பிரிட்டனின் ரக்பி நிலையம் 1926இலேயே 16 கிலோஹெர்ட்ஸில் பேசியது. ஜெர்மனி 1943இல் கால்பே என்ற ஊரில் கோலியாத் என்று பெயரிட்டு, பத்து லட்சம் வாட் ஆற்றலுள்ள நிலையத்தை நிறுவி, தன் நீர்மூழ்கிகளுக்குக் கட்டளைகள் அனுப்பியது. போர் முடிந்ததும் சோவியத் படை அதைக் கம்பி கம்பியாகப் பிரித்து ஊருக்குக் கொண்டுபோய், நிஷ்னி நோவ்கோரத் அருகே மறுபடி நட்டு 1952இல் இயக்கியது. குர்சுராவைக் கட்டிய நாட்டின் நீர்மூழ்கிகள் ஹிட்லர் காலத்து ஆன்டெனாவின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தன என்பது வரலாற்றின் குசும்பு.

அலை கடலுக்குள் இறங்குவது ஒரு பக்கம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி அந்தக் கடல் வரை எப்படிப் போகிறது? பூமி உருண்டை, அலை நேராகப் போகும், அப்படியென்றால் தொடுவானத்தைத் தாண்டியதும் விண்வெளிக்குத் தப்பிப் போக வேண்டும். 1901இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டிச் சமிக்ஞை பெற்றதாக அறிவித்தபோதே இந்தப் புதிர் எழுந்தது. மறுவருடம் ஹெவிசைடும் கென்னெலியும் தனித்தனியாக ஒரே ஊகத்தைச் சொன்னார்கள்: மேலே மின்சாரம் கடத்துகிற அடுக்கு ஒன்று இருக்க வேண்டும், அலை அதில் பட்டுத் திரும்ப வேண்டும். அது ஊகமாகவே இருபது வருடத்துக்கு மேல் கிடந்தது. 1924இல் ஆப்பிள்டன், அலைவெண்ணைச் சிறிது சிறிதாக மாற்றி அனுப்பி, தரைவழியாக வந்த அலையும் மேலே பட்டுத் திரும்பிய அலையும் கூடிக் கூடிக் கழிவதைக் கணக்கிட்டு, அந்த அடுக்கின் உயரத்தையே அளந்து காட்டினார். 1947இன் நோபல் பரிசு அவருக்கு.

அயனிமண்டலம் என்று அதற்குப் பெயர். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்று அணுக்களை உடைப்பதால் உண்டாவது. அதன் அடிவிளிம்பு பகலில் சுமார் 70 கிலோமீட்டர் உயரத்திலும் இரவில் 85 கிலோமீட்டருக்கு மேலும் இருக்கிறது. கீழே கடல், மேலே அயனிமண்டலம், இரண்டும் மின்கடத்திகள். நடுவில் கட்டபொம்மன் அலைகள் நாலைந்து மட்டுமே நிற்கிற இடைவெளி. அந்த இடைவெளிக்குள் மாட்டிக்கொண்ட அலை, பூமியின் வளைவைத் தொடர்ந்து வளைந்தபடி, அதிகம் இழக்காமல் வெகுதூரம் போகிறது. கடல்மேல் அது ஓடும்போது, அதன் ஒரு சிறு பங்கு கீழே கசிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது. நீர்மூழ்கிக்குக் கிடைப்பது அந்தக் கசிவுதான்.

அந்த உயரத்தில் நடப்பதைப் பார்ப்பது எப்படி? ஒரு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் என்றால் எல்லோருக்கும் வெங்கடாசலபதி கோயிலின் சிற்பத் தூண்கள்தான் நினைவுக்கு வரும். இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் நிலநடுக்கோட்டு ஆய்வகமும் அங்கேதான் இருக்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு இந்த வழியாகப் போவதால் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே 1992 முதல் இயங்கிய ரேடார், 1.98 மெகாஹெர்ட்ஸ் அலையை நேர் மேலே அனுப்பி, 68 முதல் 98 கிலோமீட்டர் வரையுள்ள உயரங்களிலிருந்து திரும்பும் மங்கலான எதிரொலியை வைத்து அங்கே வீசுகிற காற்றை அளந்தது. பலூனுக்கு எட்டாத உயரம், செயற்கைக்கோள் சுற்ற முடியாத தாழ்வு. எதிரொலியை விட்டால் அந்தப் பகுதியை நாள்தோறும் பார்க்க வழி குறைவு.

இன்னொரு வழி கட்டபொம்மனின் குரலே. வெகுதூரத்தில் உட்கார்ந்து அந்த 18.2 கிலோஹெர்ட்ஸ் அலையின் வலிமையை நாள் முழுவதும் வரைந்தால், விடியும்போதும் அந்தியிலும் கோடு சட்டென்று குழிந்து எழும். அயனிமண்டலக் கூரை இறங்குவதும் ஏறுவதும் அது. சூரியனில் பெரிய வெடிப்பு நேர்ந்தால், ஒளி வந்து சேர எடுக்கும் எட்டு நிமிடத்தில் எக்ஸ் கதிரும் வந்து, கோடு பகலிலேயே துள்ளும். 2009 ஜூலை 22 அன்று முழு சூரிய கிரகணம் வந்தபோது, கொல்கத்தாவிலுள்ள இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தினர் நாட்டின் பல இடங்களில் ஏற்பிகளை வைத்து இந்த நிலையத்தின் அலையைப் பதிவு செய்தார்கள். 2010 ஜனவரி 15 அன்று நடந்த கங்கண கிரகணத்தின்போது நிழல் நம் தென்மாவட்டங்கள் மேலேயே, விஜயநாராயணத்தின் தலைக்கு மேலேயே போனது. அதையும் அவர்கள் விடவில்லை. சந்திரன் சூரியனை மறைக்க மறைக்க, பட்டப்பகலில் கூரை இரவுக்கூரையின் பக்கம் நகர்வதை அலையின் மாற்றத்திலிருந்து படித்தார்கள். நிலையம் யாருக்கு என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது, தேவையும் இல்லை. செய்தி பூட்டியிருந்தாலும் அதைச் சுமக்கிற அலை எல்லோருக்கும் பொது.

இனி, அந்தச் செய்தி எப்படிப்பட்டது என்ற கேள்வி. பேச்சு கிடையாது, எழுத்துகள் மட்டும். அலையில் செய்தி ஏற்றுவது என்றால் அலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றுவது. நொடிக்கு 18,200 தடவைதான் ஆடுகிற அலையை அவ்வளவு வேகமாக மாற்ற முடியாது. அலையின் அளவுக்குச் சிறுத்த ஆன்டெனாவும் வேகமான மாற்றத்துக்கு இணங்காது. இந்த வரம்பில் நொடிக்கு 200 பிட் என்பது வழக்கமான வேகம். 100 கிலோபைட் உள்ள ஒரு வாட்ஸ்அப் படத்தை அனுப்ப ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ‘இன்ன இடத்துக்குப் போ’ என்பதற்குச் சில நொடி போதும். போர்க்கப்பலுக்கு அது போதுமானது.

அமெரிக்கா இன்னும் கீழே இறங்கிப் பார்த்தது. விஸ்கான்சினிலும் மிச்சிகனிலும் காடுகளுக்குள் கம்பி இழுத்து 76 ஹெர்ட்ஸில், நொடிக்கு வெறும் 76 ஆட்டத்தில், 1989 முதல் 2004 வரை பேசியது. ஊடுருவல் ஆழம் 29 மீட்டர், ஆக நூறு மீட்டருக்குக் கீழேயும் கேட்கும். அலையின் நீளம் கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போய் அதற்கும் அப்பால். மூன்றெழுத்துச் சங்கேதம் ஒன்று போய்ச்சேர கால் மணி நேரம். அதனால் அதை மணி அடிக்க மட்டும் வைத்துக்கொண்டார்கள்: மணி கேட்டால் கப்பல் கொஞ்சம் மேலே ஏறி வந்து, முழுச் செய்தியை வேறு அலையில் வாங்கிக்கொள்ள வேண்டும். மீத்தாழ் அலைவெண் தொடர்பே போதிய அளவு மேம்பட்டுவிட்டது, இனி இது தேவையில்லை என்று மூடிவிட்டார்கள். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

ஒலியில் பேசலாமே என்று கேட்கலாம். கடல்நீரில் ஒலி நொடிக்கு 1,500 மீட்டர் ஓடும், வெகுதூரம் போகும். ஆனால் பதில் சொல்ல வாய் திறந்த கப்பல் தான் இருக்கும் இடத்தை ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும். நீலப்பச்சை லேசர் ஒளி கடலில் ஓரளவு இறங்கும். அதை வீச, கப்பல் எங்கே இருக்கிறது என்று மேலே பறக்கிறவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கேட்கிறவர் எங்கே என்று தெரியாமலே எல்லாத் திசையிலும் சொல்லிவைக்க மீத்தாழ் அலைவெண்ணுக்கு மாற்று இன்னும் வரவில்லை.

சொல்லிவைக்கத்தான் முடியும், கேட்க முடியாது. 471 மீட்டர் கம்பத்தை நீர்மூழ்கி தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால் இது ஒருவழிப் பேச்சு. கரையில் இருப்பவர்கள் ‘கேட்டிருப்பார்கள்’ என்று நம்பி, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். பேசுகிற நிலையத்துக்குக் கட்டபொம்மன் பெயரை வைத்தவர்கள், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிற கப்பல் ஒன்றுக்கு ஊமைத்துரை என்று பெயர் வைத்திருக்கலாம்.

குர்சுராவின் காலத்தில் பாதிக்கும் மேல் விஜயநாராயணத்தில் கம்பமே கிடையாது. 1969இலிருந்து 1990 வரை, செய்தி வாங்க வேண்டுமானால் குறித்த நேரத்தில் மேற்பரப்பை ஒட்டி வந்து ஆன்டெனாவை நீட்டிச் சிற்றலையில் கேட்க வேண்டும். டீசல் கப்பலுக்கு இதில் ஒரு சௌகரியம் இருந்தது. கீழே மின்கலத்தில்தான் ஓட்டம். குர்சுராவின் தளங்களுக்கு அடியில் 448 ஈய அமில மின்கலங்கள் அடுக்கப்பட்டிருந்தன. அவை தீரத் தீர, கப்பல் மேலே வந்து, சுவாசக் குழாயை நீரைவிட்டு நீட்டி, டீசல் எஞ்சினை ஓட்டி மின்னேற்றிக்கொள்ள வேண்டும். எப்படியும் காற்றுக்காக வந்தாக வேண்டிய கப்பல், வந்த இடத்தில் செய்தியையும் வாங்கிக்கொண்டது. 2016இல் பணியில் சேர்ந்த அரிஹந்த் போன்ற அணுசக்தி நீர்மூழ்கிக்கு மேலே வர வேண்டிய கட்டாயம் இல்லை, மாதக்கணக்கில் அடியிலேயே இருக்கலாம். அதை மேலே இழுக்கிற காரணமாக மிஞ்சுவது செய்தி ஒன்றுதான். 1990இல் தேவைப்பட்டதைவிட விஜயநாராயணத்துக் கம்பங்கள் இன்று கூடுதலாகத் தேவைப்படுவது அதனால்தான்.

அறிவியல் மன்றம் நடத்துகிற நம் பள்ளிகளுக்கு இதில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. மரச்சட்டத்தில் சில பத்துச் சுற்று செப்புக்கம்பி, ஒரு சிறிய மிகைப்பி, ஒரு கணினியின் ஒலி அட்டை. மீத்தாழ் அலைவெண்ணைப் பதிவு செய்ய இவ்வளவே போதும், ஏனென்றால் நொடிக்கு 48,000 முறை மாதிரி எடுக்கிற சாதாரண ஒலி அட்டைக்கே 18,000, 19,000 ஆட்டம் எட்டும் தூரம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இத்தகைய கருவிகளைப் பல நாட்டுப் பள்ளிகளுக்குக் கொடுத்துச் சூரிய வெடிப்புகளைக் கண்காணிக்க வைத்திருக்கிறது. ஒரே சங்கடம், திருநெல்வேலி மாணவர்களுக்குக் கட்டபொம்மன் பயன்படாது. பக்கத்தில் இருப்பதால் தரைவழி அலையே பலமாக வந்து, அயனிமண்டலத்திலிருந்து திரும்புவதை மூழ்கடித்துவிடும். அவர்கள் 19.8 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பி, ஆஸ்திரேலியாவின் வடமேற்கு முனையிலிருந்து இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வருகிற நிலையத்தைப் பிடிக்க வேண்டும். கட்டபொம்மனைச் சென்னை, டெல்லிப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம்.